பிளம்ஸ், போறணை, எயார் ஃபிரையர்: ஒரு கேக்கின் வழித்தடம்

ஈழத்தமிழர் வீடுகளில் பாயசத்துக்குள் போடும் உலர்ந்த திராட்சைக்குப் பெயர் பிளம்ஸ். 'கஜு, பிளம்ஸ்' என்று சாமான் துண்டில் எழுதிக் கொடுத்தால் யாழ்ப்பாணத்துக் கடைக்காரருக்கு உடனே விளங்கும். அதே துண்டை ரொறன்ரோவிலோ லண்டனிலோ பிறந்த பிள்ளையிடம் கொடுத்தனுப்பினால், அது கருஞ்சிவப்பு நிறத்தில் புளிப்புப் பழம் ஒரு பை வாங்கிக்கொண்டு வரும். பிள்ளையில் பிழையில்லை. இன்றைய ஆங்கிலத்தில் பிளம் என்பது அந்தப் பழம்தான். ஆனால் முந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய ஆங்கிலச் சமையலறையில் உலர்ந்த திராட்சைக்கும் அதுவே பெயராக இருந்தது. பிளம் கேக்கிலும் பிளம் புடிங்கிலும் பிளம் பழம் இல்லாததன் காரணம் இதுதான். ஆங்கிலேயர் கைவிட்ட பொருளை எங்கள் வீடுகளின் சாமான் துண்டுகள் இன்னும் வைத்திருக்கின்றன.

ஒரு சொல்லுக்குள் இவ்வளவு இருந்தால், அந்தப் பிளம்ஸ் போய்ச் சேரும் கேக்குக்குள் எவ்வளவு இருக்கும்? அண்மைய ஆண்டுகளில் நத்தார் நெருங்கும்போது புலம்பெயர் சமையலறைகளில் ஒரு கேள்வி எழுகிறது: பழக் கேக்கை எயார் ஃபிரையரில் செய்யலாமா? செய்து பார்த்தவர்கள் ஓம் என்கிறார்கள். மூத்தவர்கள் சிலருக்கு அது பிடிப்பதில்லை. 'பொரிக்கிற பெட்டியில வைச்சால் அது கேக்கோ?' என்று கேட்கும் மாமிமார் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். மாமியின் கேள்விக்குச் சமையல் குறிப்பைவிட வரலாறுதான் சரியான விடை தரும் என்று நினைக்கிறேன்.

கெடாத கேக்

பழக் கேக்கின் முதற் குணம் அதன் சுவையன்று, கெடாமல் இருப்பது. உலர்ந்த பழமும் சீனியும் தண்ணீரைத் தம்மோடு பிடித்து வைத்துக்கொள்வதால் பூஞ்சணத்துக்கும் கிருமிக்கும் வேண்டிய ஈரம் கிடைப்பதில்லை. மேலே ஊற்றும் பிராண்டியோ றம்மோ காவலை இன்னும் இறுக்குகிறது. 2017இல் அந்தாட்டிக்காவின் அடேர் முனையில் உள்ள பழைய குடிசையில், தகரப் பேணிக்குள் ஒரு பழக் கேக் கண்டெடுக்கப்பட்டது. ஹன்ட்லி அன்ட் பால்மர்ஸ் நிறுவனம் செய்தது. ஸ்கொட் தலைமையில் 1910இல் புறப்பட்ட பயணக்குழுவினர் கொண்டுபோனதாகக் கருதப்படுகிறது. பேணி துருப்பிடித்திருந்தது, நூறு ஆண்டைத் தாண்டிய கேக் ஏறக்குறைய உண்ணத்தக்க தோற்றத்தோடும் மணத்தோடும் இருந்ததாகக் கண்டெடுத்தவர்கள் சொன்னார்கள்.

கெடாத பண்டம் பயணம் போகும். கப்பலில் மாதக்கணக்கில் கிடக்கும். போர்முனைச் சிப்பாய்க்கு அஞ்சலில் போகும். திருமணத்துக்கு வர முடியாத உறவினருக்குச் சிறு பெட்டியில் போய்ச் சேரும். பேரரசு பரவிய இடமெல்லாம் இந்தக் கேக் பரவியதற்கு இது ஒரு காரணம்.

இங்கிலாந்தில் இது முதலில் நத்தார்க் கேக்காக இருக்கவில்லை. நத்தாருக்குப் பின் பன்னிரண்டாம் நாள் விருந்துக்குரிய பெரிய கேக்காக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த விருந்து மங்க, கேக் டிசம்பர் 25க்கு இடம் மாறியது. அதன் உட்பொருட்களைப் பார்த்தால் ஒரு நிலப்படம் விரியும். கரன்ற் என்ற சிறு திராட்சையின் பெயர் கிரேக்கத்தின் கொறிந்து நகரிலிருந்து வந்தது. சீனி கரிபியன் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. கறுவா இலங்கையிலிருந்து போனது. இதையே பெருமையாக்கி 1927இல் பேரரசுச் சந்தைப்படுத்தல் சபை 'பேரரசு நத்தார்ப் புடிங்' என்ற செய்முறையைப் பரப்பியது. அவுஸ்திரேலியக் கரன்ற், தென்னாபிரிக்கத் திராட்சை, சன்சிபாரின் கராம்பு, யமேக்காவின் றம் என்று ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ஒரு நாட்டின் பெயர் இருந்தது. செய்முறையைக் கொடுத்தவர் அரசரின் தலைமைச் சமையற்காரர். அந்தப் பொருட்களை விளைவித்தவர்களின் வீடுகளில் அப்படி ஒரு புடிங் அவிந்ததா என்பது சபையின் கவலையாக இருக்கவில்லை.

இல்லாததற்குப் பதில்

ஐரோப்பியர் கேக் செய்முறையைக் கொண்டுவந்த இடமெல்லாம், இல்லாத பொருளுக்கு மாற்றுத் தேடியவர்கள் உள்ளூர்க்காரர்கள். மலபாரில் தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு என்ற பேக்கரிக்காரர் 1883இல் ஒரு நத்தார்க் கேக் செய்த கதையை அவருடைய குடும்பத்தார் சொல்லிவருகிறார்கள். அஞ்சரக்கண்டித் தோட்டத்து மேர்டொக் பிறவுன் இங்கிலாந்துக் கேக் ஒன்றைக் கொடுத்து, இதுபோல் செய்து தா என்றாராம். பாப்பு அச்சை உள்ளூர்க் கொல்லரிடம் அடிப்பித்தார். பிராண்டிக்குப் பதிலாக முந்திரிப்பழத்திலும் கதலிப்பழத்திலும் வடித்த உள்ளூர்ச் சரக்கைச் சேர்த்தார். பிறவுன் சுவைத்துவிட்டு மேலும் ஒரு டசின் கேட்டார் என்று கதை முடியும். கதையில் எவ்வளவு மெருகு ஏறியிருந்தாலும், அது சொல்லும் முறை உண்மையானது.

இலங்கையில் இந்த மாற்றம் இன்னும் ஆழமாகப் போனது. இங்கே ஆங்கிலேயருக்கு முன்னமே போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வந்திருந்தார்கள். பாண் போர்த்துக்கேயச் சொல், விசுக்கோத்தும் அப்படியே. ரவையும் கஜுவும் முட்டை மஞ்சட்கருவும் சேரும் லவ் கேக் போர்த்துக்கேய வழியில் வந்ததென்பார்கள். பறங்கியர் வீடுகளின் நத்தார்க்காலப் புரூடர் ஒல்லாந்தரின் பண்டம். ஆங்கிலேயரின் பழக் கேக் இவற்றுக்கு நடுவே வந்து உட்கார்ந்தபோது அதன் உடலே மாறியது. கோதுமை மாவின் இடத்தை ரவை பிடித்தது. பாதாமின் இடத்தைக் கஜு பிடித்தது. பூசணியைச் சீனிப்பாகில் காய்ச்சிய இனிப்பு, இஞ்சிப்பாகு, சௌசௌ, பன்னீர், தேன், ஏலம், கறுவா எல்லாம் உள்ளே வந்தன. முட்டையில் மஞ்சட்கரு கூடி வெள்ளைக்கரு குறைந்தது. இதையே றிச் கேக் என்கிறோம். ஆங்கிலப் பழக் கேக்கை உண்டு வளர்ந்தவர் இதை வாயில் வைத்தால், தூரத்துச் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் இருக்கும். முகச்சாடை இருக்கும், பேச்சு வேறாக இருக்கும்.

இச்செய்முறைகள் அச்சில் நிலைபெற்றதில் ஹில்டா டொய்ட்றம் தொகுத்து 1929இல் வெளிவந்த சிலோன் டெய்லி நியூஸ் சமையல் நூலுக்குப் பெரும் பங்குண்டு. கொழும்பில் பிறந்து அவுஸ்திரேலியாவில் குடியேறிய சாமெயின் சொலமன் 1976இல் வெளியிட்ட ஆசியச் சமையல் பெருநூல் இலங்கைச் சமையலைக் கடல் கடந்து கொண்டுபோனது. ஆனால் தமிழ் வீடுகளில் இது பெரும்பாலும் அச்சு நூலால் பரவவில்லை. மிஷன் பாடசாலையில் படித்த பெரியம்மாவின் கொப்பியிலிருந்து, தோட்டத்துத் துரை பங்களாவில் சமையல் பார்த்தவரின் கைப்பக்குவத்திலிருந்து, பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க அன்ரியின் வாய்ச்சொல்லிலிருந்து பரவியது. அப்படித்தான் இந்தக் கேக் சமயத்தின் வேலியையும் தாண்டியது. சைவக் குடும்பத்துத் திருமணத்திலும் சாமத்தியச் சடங்கிலும் கேக் வெட்டுவது இன்று எவருக்கும் புதுமையில்லை.

போறணையும் தணலும்

இனி மாமியின் கேள்விக்கு வருவோம். கேக் எந்தப் பெட்டியில் வேகவேண்டும்?

அம்மம்மாமார் காலத்து யாழ்ப்பாண வீடுகளில் பெரும்பாலானவற்றில் ஓவன் இருக்கவில்லை. மண் அடுப்பும் விறகும்தான். வேகவைக்கும் சூட்டறை ஊரில் ஒன்று இருந்தது. அது வெதுப்பகத்துப் போறணை. போறணை என்ற சொல்லே போர்த்துக்கேயரின் 'ஃபோர்னோ'வோடு உறவுடையது என்பார்கள். செங்கல்லால் கட்டிய அந்த அறைக்குள் விறகை எரித்து, கல் சூடேறியதும் தணலை வாரி வெளியே தள்ளி, கல்லில் தங்கிய சூட்டிலேயே பாணை வேகவைப்பார்கள். பாண் வெளியே வந்தபின்னும் போறணையில் சூடு மிச்சமிருக்கும். கூடிப்போகாத, மெல்ல மெல்ல இறங்கும் அந்தச் சூடு பழக் கேக்குக்கு மிகப் பொருத்தம். வீட்டில் கேக்கை அடித்து, தட்டில் ஊற்றி, பெயர் எழுதிய துண்டை வைத்து வெதுப்பகத்துக்கு அனுப்பும் வழக்கம் இப்படி வந்தது. யாழ்ப்பாணத்து வெதுப்பகங்களில் தென்னிலங்கையிலிருந்து வந்த சிங்களவர் நடத்தியவையும் இருந்தன. எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் நாடு போன போக்கில் அவர்கள் ஊரை விட்டுப் போனார்கள்.

போறணைக்கு அனுப்ப வசதியில்லாத வீடுகளில் இன்னொரு முறை இருந்தது. அகன்ற சட்டியின் அடியில் மணலைப் பரப்பி, அதன்மேல் கேக் தட்டை வைத்து, தட்டையான மூடியால் மூடுவது. கீழே சிறு தணல், மூடியின்மேல் சிரட்டைக் கரித் தணல். மேலும் கீழும் நெருப்பு, நடுவில் கேக். மேல்தணல் கூடினால் முகம் கருகிவிடும். ஆகவே அதை நீறு பூக்கவிட்டுத்தான் மூடியில் போடுவார்கள். சாம்பல் சூட்டை மட்டுப்படுத்தும் என்பது அவர்களுக்குத் தெரியும். வெப்பமானி இல்லை. மூடிக்கு மேலே கையை நீட்டி, எத்தனை எண்ணும்வரை தாங்குகிறது என்று பார்ப்பதே அளவு.

1990இல் போர் மறுபடி மூண்டபின் வடக்கில் மின்சாரம் நின்றது. எரிபொருள் உட்படப் பல பொருட்களுக்குத் தடை வந்தது. மண்ணெண்ணெய் எட்டாத விலைக்குப் போனது. அந்த ஆண்டுகளிலும் திருமணங்கள் நடந்தன, நத்தார் வந்தது. மின் ஓவன் வைத்திருந்த வீடுகளும் மணற்சட்டிக்குத் திரும்பின. பிளம்ஸ் இல்லாவிட்டால் பேரீச்சம்பழம், அதுவும் இல்லாவிட்டால் பூசணி இனிப்பு மட்டும். அப்படிச் செய்ததையும் கேக் என்றுதான் சொன்னார்கள். அது கேக்கோ என்று அன்று எவரும் கேட்கவில்லை.

காற்றாடி வைத்த பெட்டி

எயார் ஃபிரையர் என்ற பெயர்தான் குழப்புகிறது. அதற்குள் பொரியல் எதுவும் நடப்பதில்லை. மேலே ஒரு சூட்டுக் கம்பி, அதற்கு மேலே ஒரு காற்றாடி. சிறிய அறைக்குள் சூடான காற்று வேகமாகச் சுற்றுகிறது. காற்றாடி வைத்த ஓவனைச் சுருக்கினால் இதுதான். அந்த எண்ணமும் புதிதன்று. 1940களில் அமெரிக்கரான வில்லியம் மக்ஸன், விமானத்தில் உறைந்த உணவைச் சூடாக்க, சுழல்காற்று என்று பொருள்படும் பெயருடைய ஓர் அடுப்பை உருவாக்கினார். பாரம் குறைய வேண்டும், விரைவாகச் சூடேற வேண்டும் என்பது அங்கே தேவை. பின்னர் நெதர்லாந்தைச் சேர்ந்த ஃபிரெட் வான் டெர் வெய் என்பவர், எண்ணெயில் முக்காமல் மொறுமொறுப்பான உருளைக்கிழங்குப் பொரியல் செய்யவேண்டும் என்று முயன்று உருவாக்கிய கருவியை ஃபிலிப்ஸ் நிறுவனம் 2010இல் பேர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. புரூடரைக் கொண்டுவந்த ஒல்லாந்தரின் நாட்டிலிருந்தே இந்தப் பெட்டியும் வந்தது என்பது தற்செயல்தான். ஆனாலும் இரசிக்கத்தக்க தற்செயல்.

2022இல் ஐரோப்பாவில் மின்சாரமும் எரிவாயுவும் விலை ஏறியபோது, பெரிய ஓவனை மூன்று மணி நேரம் எரியவிடத் தயங்கிய வீடுகளில் இந்தப் பெட்டி இடம் பிடித்தது. எங்கள் ஆட்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. வாடகை அறையில், நிலக்கீழ் வீட்டில், பல்கலைக்கழக விடுதியில் ஓவன் இருக்காது. இருந்தாலும் இன்னொருவருடையதாக இருக்கும். மேசை மூலையில் வைக்கக்கூடிய பெட்டி அவர்களுக்குச் சொந்தப் போறணை.

இதற்குள் கேக் வேகும் விதத்தைப் பார்த்தால் பழைய மணற்சட்டிதான் நினைவுக்கு வரும். சூடு மேலிருந்து வருகிறது. மிக அருகிலிருந்தும் வருகிறது. பழமும் சீனியும் நிறைந்த கேக்கின் முகம், உள்ளே வேகுமுன்னரே கருகப் பார்க்கும். அம்மம்மா தணலை நீறு பூக்கவிட்ட இடத்தில் நாங்கள் அலுமினியத் தாளால் மூடுகிறோம். வேலை ஒன்றுதான்.

ஆறு அங்குல வட்டத் தட்டு ஒன்றுக்கு ஏறக்குறைய இந்த அளவு போதும்: ரவை 60 கிராம், பட்டர் 90 கிராம், சீனி 120 கிராம், மூன்று மஞ்சட்கரு, ஒரு வெள்ளைக்கரு, பிராண்டியிலோ பழச்சாற்றிலோ ஊறிய பழங்களும் பாகு இனிப்புகளும் 350 கிராம், நறுக்கிய கஜு 60 கிராம், வாசனைச் சரக்குகள். ரவையை இலேசாக வறுத்து, ஆறியபின் பட்டரோடு குழைத்துச் சிறிது நேரம் ஊறவிடுங்கள். மஞ்சட்கருவையும் சீனியையும் நுரைக்க அடித்து அதோடு சேர்த்து, பழங்களையும் கஜுவையும் வாசனைச் சரக்கையும் கலந்து, கடைசியாக அடித்த வெள்ளைக்கருவை மெல்லக் கலக்கவேண்டும். தட்டுக்கு இரட்டைத் தாள் போடுங்கள். தட்டைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி இருந்தால்தான் காற்று சுற்றும். மேலே மூடும் அலுமினியத் தாளைத் தட்டின் விளிம்புக்குக் கீழே இறுக்கி மடியுங்கள். தளர்ந்தால் காற்றாடி அதைத் தூக்கிக் கம்பியில் ஒட்டிவிடும். 140 பாகை செல்சியசில் ஒரு மணி நேரம் விட்டு ஈர்க்கால் குத்திப் பாருங்கள். மா ஒட்டினால் பத்துப் பத்து நிமிடமாகக் கூட்டுங்கள். ஆறியபின் ஒரு கரண்டி பிராண்டி தெளித்து, தாளில் சுற்றி, ஒரு கிழமையாவது வைத்துவிட்டு வெட்டவேண்டும்.

துண்டுகளின் கணக்கு

ஆக, மாமியின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. செங்கல் போறணை, மணற்சட்டி, மின் ஓவன் என்று இந்தக் கேக் எங்களிடம் வந்த நாளிலிருந்து பெட்டி மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. மாவும் கொட்டையும் சாராயமும்கூட மாறின. எயார் ஃபிரையர் அந்த வரிசையில் இன்னொன்று.

ஆனால் மாமியின் மனக்குறையில் நியாயம் ஒன்று இருக்கிறது. அதை அவர் வேறு சொல்லால் சொல்கிறார் என்றே எனக்குப் படுகிறது. பத்து அங்குலச் சதுரத் தட்டுக் கேக்கை ஒன்றுக்கு இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டினால் 50 துண்டு வரும். ஆறு அங்குல வட்டத்தில், ஓரம் போக, பத்துப் பன்னிரண்டு தேறும். முன்னது ஒழுங்கைக்கும் பாடசாலைக்கும் வேலைத்தலத்துக்கும் போகும் அளவு. பின்னது நாலு பேர் உள்ள வீட்டில் இரண்டு நாளில் முடியும் அளவு.

இந்தக் கேக்கின் உருவமே பங்கிடுவதற்காக அமைந்தது. திருமணக் கேக்கைச் சிறு துண்டாக வெட்டி, எண்ணெய்த்தாளில் சுற்றி, மணமக்களின் பெயர் அச்சிட்ட பெட்டியில் இட்டு, வந்த ஒவ்வொருவர் கையிலும் கொடுப்போம். வராதவருக்கும் அனுப்புவோம். கலியாணமாகாத பெண்கள் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்ததுண்டு. நத்தாருக்குக் கத்தோலிக்க வீட்டிலிருந்து தட்டில் கேக் வரும். பொங்கலுக்குச் சைவ வீட்டிலிருந்து அதே தட்டில் பொங்கல் போகும். வெறுந் தட்டைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. இனிப்புக் கூடியதும், துண்டு சிறியதும், கெடாததும் எல்லாம் இந்தப் பங்கீட்டுக்குப் பொருந்தி வந்தவை. ஒருவர் தனியே இருந்து உண்ணும் கேக்காக இது ஒருநாளும் இருந்ததில்லை.

புலம்பெயர்ந்த வாழ்வில் சுருங்கியது தட்டு மட்டும் இல்லை. அயலவரின் பெயர் தெரியாத அடுக்குமாடிகளில் இருக்கிறோம். சொந்தங்கள் மூன்று கண்டங்களில் பிரிந்து கிடக்கின்றன. திருமணக் கேக்கின் இடத்தைக் கிறீம் பூசிய பஞ்சுக் கேக் பிடித்துவிட்டது. அழகாக இருக்கும், ஆனால் இரண்டாம் நாள் தாங்காது. அஞ்சலில் அனுப்ப முடியாத கேக்கைச் சுற்றி, அனுப்பும் வழக்கமும் இல்லாமல் போகிறது.

இவ்விடத்தில் எயார் ஃபிரையர் பகையாக இருக்க வேண்டியதில்லை. ஆறு அங்குலக் கேக்கை இந்தச் சனிக்கிழமை ஒன்று, அடுத்த சனிக்கிழமை ஒன்று என்று நத்தாருக்கு முன் நாலு செய்தால், பழைய பெரிய தட்டுக்குக் கிட்டே வந்துவிடும். கெடாத கேக் என்பதால் முதலாவது காத்திருக்கும். காத்திருந்தால் இன்னும் நன்றாகவும் ஆகும். ஒரு துண்டைத் தாளில் சுற்றி மேல்மாடிக்காரரிடம் கொடுக்கலாம். பயணம் போகிறவரின் பெட்டியில் ஒன்றை வைத்துவிடலாம். பிள்ளையைக் கஜு வெட்டச் சொல்லலாம். பிளம்ஸ் என்றால் என்ன என்று அப்போதே சொல்லிக் கொடுக்கவும் செய்யலாம்.